நிராகரிப்புக் கடிதம் வந்தால்...

மூத்தவாப்பா வபாத்தான அன்றே, அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் முடிந்துவிட்டது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது நமது மார்க்கம். ஆனால் காகித வேலைகள் அவ்வளவு விரைவில் முடிவதில்லை.

செலவுக்கு மாமா கடன் வாங்கியிருந்தார். மூத்தவாப்பா மாதாமாதம் கட்டிவந்த மரணச் செலவுக் காப்புறுதிப் பணம் கிடைத்தால் அடைத்துவிடலாம் என்றிருந்தோம். இரண்டு மாதம் கழித்து வந்தது கடிதம் மட்டுமே. நீரிழிவு நோயை மறைத்துக் காப்புறுதி பெற்றதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறதாம்.

“அவர் ஆருக்கும் ஒரு பொய் சொன்ன மனிசனில்ல மகள்” என்றார் இத்தாவில் இருந்த மூத்தம்மா. வர்த்தகப் பிரிவில் படிப்பவள் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

காப்புறுதியின் அடிப்படைகளில் ஒன்று உச்ச நம்பிக்கை. விண்ணப்பிப்பவர் தனக்குத் தெரிந்த முக்கிய உண்மைகளை மறைக்கக் கூடாது. ஆனால் பின்னர் வந்த நோயை முன்பே எப்படிச் சொல்ல முடியும்? எனவே நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பதே எங்கள் கேள்வியானது.

முதலில், எந்த ஆவணத்தை வைத்து நிராகரித்தார்கள் என்று எழுத்தில் கேட்டோம். முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கேட்டோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் முகவரே ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தார். கையெழுத்து மட்டும் மூத்தவாப்பாவுடையது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. உண்மையிலேயே நோய் இருந்திருந்தால்?

அவர்கள் காட்டிய ஆதாரம் வைத்தியசாலை அட்டை. அதில் ‘நெடுநாள் நீரிழிவு’ என்றிருந்தது. அனுமதித்த இரவில், பதற்றத்தில், “கனகாலமாச் சீனி வருத்தம்” என்று சொன்னது என் உம்மாதான். அன்றிரவு உம்மா சாப்பிடவில்லை.

அலுமாரியைக் கிளறி மூத்தவாப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்தோம். நீரிழிவு முதன்முதலில் கண்டறியப்பட்ட திகதி, காப்புறுதி எடுத்துப் பதினான்கு மாதங்களுக்குப் பின்னர்! அந்தப் பக்கத்தின் பிரதியை இணைத்து, முடிவை மீளாய்வு செய்யுமாறு மூத்தம்மாவின் கையெழுத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினோம்.

நிறுவனம் மறுத்தாலும் வழி மூடிவிடாது. காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். ஆனால் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டிருக்க வேண்டும். இன்னொன்று: கட்டுப்பணம் நின்று ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தாலோ, காத்திருப்புக் காலத்துக்குள் இயற்கை மரணம் நேர்ந்திருந்தாலோ வெல்வது கடினம். ஆகவே ஒப்பந்த நிபந்தனைகளை முதலில் வாசியுங்கள்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. ஆறு வாரத்தில் பணம் வந்தது. மாமாவின் கடன் தீர்ந்தது. மூத்தம்மா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அவர் மறைக்கல்லண்டு எழுதியிருக்காங்களா?” என்றுதான் கேட்டார். கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

பெற்றோர்களே, வாசிக்காத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காப்புறுதிப் பத்திரமும் கிளினிக் கொப்பியும் எங்கே இருக்கின்றன என்று இன்றே கேட்டு வையுங்கள்.