மூன்று வாய்கள்

ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே ஒன்றை, ஓடும்போதே நிறுத்துங்கள். பேசிக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் வாயை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய். பெரும்பாலான டிவி தொடர்களில் அவ்வளவுதான். அழுதாலும் சபதம் போட்டாலும் இந்த மூன்று படங்களே மாறி மாறி வரும். 'ம' சொல்ல உதடு ஒட்டாது, 'ஊ' சொல்லக் குவியாது. அந்த வாய் ஜப்பானிய மொழி பேசவில்லை. எந்த மொழியும் பேசவில்லை.

பணமும் நேரமும் போதாததால் பிறந்த வழக்கம் இது. 1963 ஜனவரி 1-ஆம் தேதி ஃபுஜி டிவியில் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கியது. வாரத்துக்கு ஒரு அரைமணி நேரப் பகுதி. படம் வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்; ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரைய தெசுகாவின் மூஷி புரொடக்‌ஷனுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு படத்தை மூன்று ஃப்ரேமுக்கு அப்படியே நிறுத்தினார்கள். வினாடிக்கு எட்டுப் படம் போதும் என்றாயிற்று. உடம்பை அசையாமல் வைத்து வாயை மட்டும் அசைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த இயந்திரச் சிறுவன் அமெரிக்க டிவியில் ஆங்கிலம் பேசினான். வாராந்தர டிவி அனிமேவுக்கும் அதன் டப்பிங்குக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சப்டைட்டிலா டப்பிங்கா என்று ரசிகர்கள் வாதாடும்போது 'ஒரிஜினல் குரல்' என்ற சொல் அடிக்கடி விழுகிறது. அந்தக் குரல் எப்படிப் பதிவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வாதமே கொஞ்சம் இடம் மாறும். டிஸ்னி மரபில் முதலில் குரலைப் பதிவு செய்து, அதைக் கேட்டபடி வாயை வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் தலைகீழ். முதலில் படம், பிறகு குரல். இதை அங்கே 'அஃபுரெகோ' என்கிறார்கள். நாலைந்து மைக் வரிசையாக நிற்கும். நடிகர்கள் பிரதியைக் கையில் பிடித்தபடி, தங்கள் முறை வரும்போது மைக்கை நெருங்கிப் பேசிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். தாளைப் புரட்டும் ஓசைகூட மைக்கில் விழக்கூடாது. பல சமயம் எதிரே திரையில் முடிந்த படம்கூட இருக்காது. பென்சில் கோடுகளும், யார் எப்போது பேசவேண்டும் என்று காட்டும் குறிகளும்தான் ஓடும். 'அகிரா' (1988) போல வசனத்தை முன்னதாகவே பதிவு செய்த படங்கள் விதிவிலக்கு. மற்றபடி ஜப்பானியக் குரலும் வரைந்த வாய்க்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

நம் மூளை இதை எப்படி நம்புகிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. மனித முகத்தைப் பார்க்கும்போது நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்ற ஒலியோடு, 'கா' என்று சொல்லும் முகத்தைக் காட்டினால் பலருக்கு இரண்டும் கேட்பதில்லை. 'டா' என்று கேட்கிறது. கண்ணும் காதும் ஒன்றோடொன்று சமரசம் செய்துகொண்டு, இல்லாத ஒலியைக் கேட்கவைக்கின்றன. ஆட்கள் நடித்த படத்தின் டப்பிங் உறுத்துவதற்கு இது ஒரு காரணம். திரையில் உதடு ஒட்டுகிறது, காதில் 'ப'வும் இல்லை 'ம'வும் இல்லை.

அனிமே வாய் அப்படி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அதனால் குரலோடு முரண்படவும் முடியாது. அதனிடம் இருப்பது தாளம் மட்டும். மனிதப் பேச்சில் வாய் திறக்கும் அளவும் குரலின் சத்த அளவும் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்றும், அந்த அசைவு வினாடிக்கு 2 முதல் 7 தடவை நிகழ்கிறது என்றும் 2009-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இந்தத் தாளம் ஒத்துப்போனால் மூளை குரலை அந்த வாய்க்கே சொந்தமாக்கிவிடுகிறது. கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. ஒலி படத்தைவிட 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோதான் பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார் என்பது ஒளிபரப்புத் துறையின் சர்வதேச அளவுகோல். மூன்று ஃப்ரேம் நிற்கும் ஒரு படத்தின் ஆயுளும் சரியாக 125 மில்லிவினாடி! ஆக, அனிமே டப்பிங்கில் கண் அதிகம் இழப்பதில்லை.

சப்டைட்டிலில் இழப்பது கண்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் முழுத் தெளிவோடு பார்க்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவே. அந்தச் சிறு பரப்பைத் தாவித் தாவி நகர்த்தித்தான் படிக்கிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் இடையில் சுமார் கால் வினாடி நிற்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 240 சொல் படிக்கிறார்கள். அந்த வேகத்தில் பத்துச் சொல் வசனத்துக்கு இரண்டரை வினாடி. ஷாட் மூன்று வினாடி என்றால் முகத்துக்கு மிஞ்சுவது அரை வினாடி. அசைவே குறைவான கலையில், ஒரு புருவம் இறங்குவதும் கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி நடுங்குவதும்தான் நடிப்பு. அதைத்தான் நாம் எழுத்துக்கு விற்றுவிடுகிறோம்.

படிக்காமல் இருந்துவிடலாமே என்றால் அதுவும் எளிதல்ல. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜெரி தித்வால் குழுவினர் கண்ணசைவை அளந்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு நன்றாகப் புரியும் மொழியில் படம் ஓடியபோதும் பார்வையாளர்களின் கண் கீழே இருந்த எழுத்துக்குத் தானாகப் போனது. சப்டைட்டில் பழக்கமே இல்லாத அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான்.

தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் ஜப்பானியக் குரலோடு ஆங்கில எழுத்தை வைத்துப் பார்க்கிறார்கள். இதில் இன்னொரு நஷ்டம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மழையில் இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சொல்கிறான்: "உன் அண்ணனைக் கொன்றது..." இடைவெளி. மழைச் சத்தம். "...நான்தான்." ஜப்பானிய மொழியிலும் வாக்கியம் இதே வரிசையில்தான் வரும். வினையும் மறுப்பும் கடைசியில் நிற்கும் மொழி அது, தமிழைப் போலவே. ஆங்கில எழுத்திலோ பெரும்பாலும் 'நான்' முதலில் வந்து நிற்கிறது. நடிகர் மூச்சைப் பிடித்துக் காத்த அந்த இடைவெளி தொடங்கும் முன்பே படிப்பவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. நல்ல சப்டைட்டில்காரர்கள் வரியை இரண்டாக உடைத்துச் சமாளிப்பார்கள். எல்லா இடத்திலும் அது நடக்காது. தமிழ் டப்பிங்குக்கு இந்தச் சிக்கலே இல்லை. இடைவெளி விழுந்த இடத்திலேயே விழும், கடைசிச் சொல் கடைசியிலேயே வரும். 'நீ'யும் 'நீங்க'வும் 'டா'வும் இருப்பதால் யார் யாருக்கு எவ்வளவு மரியாதை தருகிறார் என்பதும் தொலைந்துபோகாது. இந்த அளவுக்கு அனிமேவுக்கு வாகான மொழியை வைத்துக்கொண்டு நாம் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

டப்பிங்கில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். ஜப்பானியர் வினாடிக்கு ஏறக்குறைய எட்டு அசை பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் சுமார் ஆறு. 2019-இல் 17 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு, வேகமான மொழிகள் ஓர் அசையில் குறைவான தகவலையும் மெதுவான மொழிகள் கூடுதலான தகவலையும் ஏற்றுவதால், கடைசியில் எல்லாம் வினாடிக்குச் சுமார் 39 பிட் என்ற அளவில் வந்து நிற்பதாகக் காட்டியது. விஷயம் ஒன்றே, அசைக் கணக்கு வேறு. ஆனால் அது சராசரிதான்; தனி வரி ஒன்றில் வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்கும், சொல்ல வேண்டியது தீர்ந்திருக்கும். அங்கேதான் டப்பிங் எழுத்தாளர் எதையாவது செருகத் தூண்டப்படுகிறார்.

வாயே தெரியாத இடத்தில் இந்தச் சபலம் இன்னும் பெரிது. ஹயாவோ மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) படத்தில் சிறு சூனியக்காரி கிகிக்கு ஜிஜி என்ற பூனை துணை. ஒரு கட்டத்தில் அதன் பேச்சு அவளுக்குப் புரியாமல் போகிறது. ஜப்பானிய மூலத்தில் இறுதிவரை அந்தப் பேச்சு திரும்பவே இல்லை; அவள் வளர்ந்துவிட்டாள். 1998-இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில டப்பிங்கில் ஜிஜி படம் முழுக்கக் கூடுதலாகப் பேசியதோடு, முடிவில் மறுபடியும் பேசியது. முடிவில் சேர்ந்தது ஒரு வரிதான். படம் எதைப் பற்றியது என்பதே மாறிவிட்டது. பிற்காலப் பதிப்பில் அந்தச் சேர்க்கைகளைப் பெருமளவு நீக்கினார்கள்.

டப்பிங்கில் மூலக் குரல் நடிகரையும் இழக்கிறோம், உண்மைதான். கோபம், பயம், துக்கம் போன்றவற்றின் வெறும் ஒலிகள் மொழி தாண்டிப் புரியும். பிரிட்டிஷ்காரர்கள் எழுப்பிய அத்தகைய ஒலிகளை நமீபியாவின் ஹிம்பா மக்கள் அடையாளம் கண்டார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் நிம்மதி, சாதித்த பெருமிதம் போன்றவை அவ்வளவு எளிதில் எல்லை தாண்டவில்லை. ஆக, கத்தலும் கதறலும் ஜப்பானியத்திலேயே நமக்குப் போதும். மெல்லிய உணர்ச்சிகளுக்குத்தான் நம் மொழிக் குரல் தேவை. தமிழ் டப்பிங் கலைஞர்கள் உழைக்க வேண்டிய இடமும் அதுவே.

டிவி அனிமேவில் ஷின்-சான் தமிழில் பேசிக் கேட்டு வளர்ந்தவர்கள், 2025-இல் 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழிலும் திரையரங்குக்கு வந்ததைப் பார்த்துவிட்டார்கள். தமிழில் நல்ல டப்பிங் கிடைக்கும் படத்தை முதல் தடவை தமிழில் பாருங்கள்; கண் முழுதும் படத்துக்கே இருக்கட்டும். மனத்தை உலுக்கிய காட்சிகளை மறுபடி ஜப்பானியக் குரலில் போடுங்கள். கதை தெரிந்துவிட்டதால் எழுத்து வேண்டியிருக்காது. சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், இருந்தால் கண் கீழே போய்விடும்.