வண்டிக்காரர் கையில் ஒரு சீட்டு

கல்கத்தாவில் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை 1861ஆம் ஆண்டிலேயே கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பார் நிறுவினார். வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு நகரம் அத்துணை முன்னரே இரங்கியது பெருமைதான். ஆயின், அவ்விரக்கம் உத்தரவாக மாறியபோது நேர்ந்ததையும் நேயர்கள் அறிதல் வேண்டும். கோடை நண்பகலில் எருமை வண்டி ஓட்டலாகாது என்ற தடையை எதிர்த்து 1930 ஏப்ரலில் வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டிகளையே சாலைக்குக் குறுக்கே நிறுத்தி அரணாக்கினர். போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். எருமைக்குக் கிடைத்த ஓய்வு, அதை நம்பிப் பிழைப்பவருக்குக் கூலி நஷ்டமாயிற்று.

ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் மத்தியச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1965இல் வகுக்கப்பெற்ற விதிகளும் நண்பகலை மறக்கவில்லை. வெப்பம் 37 டிகிரியைக் கடக்குமிடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டைப் பூட்டலாகாது. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது.

பாரம் மிகுதியென்று ஐயுற்றால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட காவல் அதிகாரி வண்டியை எடைமேடைக்குக் கொண்டுவரச் செய்யலாம். இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் மற்றொரு கெடுபிடியே. நிறுத்தவுடன், கண்ட எடையை எழுதிக் கையொப்பமிட்டு வண்டிக்காரரிடம் தரவேண்டும் என்றும் விதி பணிக்கிறது. சர்க்கார் காகிதமென்றாலே சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வழக்கு நீதிமன்றம் சென்றால், அதிகாரி ஒரு கணக்கும் வண்டிக்காரர் வேறொரு கணக்கும் சொல்ல இடமிராது. எழுத்தறியாதவரும் அச்சீட்டை வக்கீலிடம் நீட்டலாம்.