“என் சிஸ்டத்துல ஓடுச்சே!”

வெடி வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் ஒலி அளவி. அதில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டினால், அந்தப் பட்டாசைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. நொடிப்பொழுதின் உச்ச அழுத்தத்தை அளக்கும் இன்னொரு முறையில் வரம்பு 145 டெசிபல். 1999 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்த்த கணக்கு இது. வெடிக்கும் தளம் குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட்டாக இருக்க வேண்டும்; 15 மீட்டருக்குள் ஒலியைத் திருப்பியடிக்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. சரவெடிக்கு வரம்பு இன்னும் குறையும். கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, ஐந்தால் பெருக்கிக் கழிக்கச் சொல்கிறது விதி. ஆயிரம் வாலா என்றால் 15 டெசிபல் கழிந்து, ஒவ்வொரு வெடிக்கும் 110தான்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளின் பிழைப்பு இந்த எண்களோடு பின்னிக் கிடக்கிறது. வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம் சிவகாசியில்தான் இருக்கிறது. 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மூலப்பொருள்களைச் சோதிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியும் இங்கே ஓர் ஆய்வு வசதியைத் தொடங்கியது. மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியில் நானோ அலுமினியத் தூள் சேர்த்த வெடிக்கலவைகள் ஆராயப்பட்டிருக்கின்றன.

அணுகுண்டு வெடியின் சத்தத்தை ஒலி அளவியில் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள முடியாது. கருவியின் வழக்கமான ‘ஃபாஸ்ட்’ அமைப்பு 125 மில்லிநொடிக் கால அளவில் ஒலியைச் சராசரியாக்கும். வெடிக்கு வேண்டியது 35 மில்லிநொடியின் ‘இம்பல்ஸ்’ அமைப்பு. பொத்தான் மாறியிருந்தால் மீறிய வெடியும் தேறிவிடும். அதனால் கருவியைக் கணினியோடு இணைத்து, எந்த அமைப்பில் அளக்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்பதை நிரலே சொல்லும்படி செய்வது நல்லது. வந்த எண்ணை அதுவே சேமித்து, வரம்போடு ஒப்பிட்டு, அறிக்கையையும் அச்சிட்டுத் தரும்.

இப்படிப்பட்ட கருவிக் கட்டுப்பாட்டு நிரலை எழுத உலகெங்கும் பலர் எடுப்பது லேப்வியூ. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் இதை 1986இல் மேக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்டது. வரிவரியாக எழுத வேண்டியதில்லை; திரையில் படங்களை வைத்துக் கம்பி இழுத்து இணைத்தால் நிரல் தயார். பைத்தானில் எழுதுகிறவர்களும் இப்போது நிறைய.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம். அருமையாக ஓடுகிறது. பட்டாசு ஆலையின் தரப்பிரிவு கேட்க, பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறார். அங்கே கோப்பே திறக்கவில்லை. தொலைபேசியில் அவர் சொல்லும் முதல் வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. மென்பொருள்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொன்ன வசனம்.

காரணம் எளிது. அவர் கணினியில் லேப்வியூ முழுசாக இருந்தது. கருவியோடு பேசும் டிரைவர்கள் என்றைக்கோ நிறுவப்பட்டு மறந்தே போயிருந்தன. கொடுத்தது நிரலை மட்டும். தீபாவளி கிஃப்ட் பாக்ஸில் கலர் தீப்பெட்டியும் வைத்து அனுப்புவதுபோல, நிரலுக்குத் தேவையான அத்தனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். லேப்வியூவில் இதற்கு அப்ளிகேஷன் பில்டர் என்ற வசதி இருக்கிறது. அது நிரலைத் தனித்து ஓடும் செயலியாக்கி, நிறுவும் கோப்பு ஒன்றையும் தயாரிக்கும். அதில் ‘ரன்டைம் என்ஜின்’ கட்டாயம் இருக்க வேண்டும். அது இலவசம், லேப்வியூ வாங்காத கணினியிலும் செயலி ஓடுவது அதனால்தான். கருவியோடு பேசும் ‘விசா’ டிரைவரையும் கூடவே சேர்க்க வேண்டும். 32 பிட் செயலிக்கு 64 பிட் என்ஜின் உதவாது. பைத்தான்காரர்களுக்கு இதே வேலையைப் பைஇன்ஸ்டாலர் செய்கிறது. மேட்லேபுக்கும் தனி ரன்டைம் உண்டு.

கட்டி அனுப்பிய பிறகுதான் நிஜமான வேடிக்கை. ஆசிரியரின் கணினியில் கருவி ‘காம் 3’ என்ற வாசலில் இருந்தது. ஆலையில் அது ‘காம் 7’. நிரலுக்குள் 3 என்று அடித்து வைத்திருந்தால் முடிந்தது கதை. இருக்கிற வாசல்களையெல்லாம் தட்டி “நீ யார்?” என்று கேட்டு, சரியான பதில் தரும் கருவியை நிரலே கண்டுபிடிக்க வேண்டும், இப்படிக் கேட்பதற்கென்றே பொதுக் கட்டளை ஒன்று பல கருவிகளில் உண்டு. அடுத்தது கோப்பு இருக்கும் இடம். செயலியாக மாறியதும் நிரலின் சொந்த முகவரியே மாறிவிடும். பக்கத்தில் இருந்த அமைப்புக் கோப்பை அது தேடித் தோற்கும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவில் எழுத விண்டோஸ் சாதாரணப் பயனரை விடாது என்பது இன்னொரு தலைவலி.

இந்தத் தொல்லையை நம் நாட்டிலேயே வேறு வழியில் கடந்தவர்கள் உண்டு. டெல்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் 2004இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தில் பிறந்தது ‘எக்ஸ்ப்ஐஸ்’. இயற்பியல் சோதனைகளுக்கான மலிவான யு.எஸ்.பி. கருவி. நிரல் பைத்தான். எந்தக் கல்லூரியில் எந்தக் கணினி இருக்குமோ என்று கவலைப்படாமல், லினக்ஸ் இயங்குதளத்தையே நிரலோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பினால் போதும், வன்தட்டைத் தொடவே வேண்டாம். கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். ஆனால் ஆசிரியர்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது.

சட்டத்தோடு தொடர்புள்ள அளவையில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. செயலியாகக் கட்டியபின், வரம்பையோ கழித்தல் சூத்திரத்தையோ ஆலையில் இருப்பவர் எளிதில் மாற்ற முடியாது. மாற வேண்டியது வேறு: அளவுத்திருத்த எண். அது கருவிக்குக் கருவி வேறுபடும். 94 டெசிபல் ஒலி தரும் சிறு திருத்தியை மைக்கில் பொருத்திச் சரிபார்ப்பார்கள். ஆகவே அதை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வைப்பதே முறை.

பூட்டிய செயலிக்குச் சங்கடமும் இருக்கிறது. 2018 தீர்ப்பு சரவெடிக்கே தடை போட்டது. அதற்கு முன் கட்டி அனுப்பிய செயலி எத்தனை ஆலைகளில் இருந்ததோ, அத்தனையிலும் ஆயிரம் வாலாவுக்கு அது ‘தேறியது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அறிக்கையின் ஓரத்தில் செயலியின் பதிப்பு எண்ணையும் தேதியையும் அச்சிட்டால் பழைய செயலி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாதவர்களே அதிகம்.

அனுப்பும் முன் சோதிக்க வேண்டியது எழுதியவரின் கணினியில் அல்ல, லேப்வியூ வாசனையே இல்லாத ஒன்றில். ஆலை அலுவலகத்தில் டாலி ஓடும் பில்லிங் கணினி இதற்கு வெகு பொருத்தம். ஆன்டிவைரஸ் தடுக்கிறதா, நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கிறதா, கருவியின் கம்பியைப் பிடுங்கிச் செருகினால் செயலி உறைகிறதா என்று எல்லாம் அங்கே அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.