முதலில் கேட்பவருக்கே நல்ல வரன்

டேட்டிங் செயலியில் ஒரு படத்தை வலப்பக்கம் தள்ளினால் விருப்பம், இடப்பக்கம் தள்ளினால் மறுப்பு. இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளினால் மேட்ச். அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் நேற்றுச் சேர்ந்த மாணவருக்கும் இது தெரியும். பலருக்குத் தெரியாதது அதற்கு முந்தைய கட்டம். அத்தனை பேர் இருக்க இந்த முகத்தை ஏன் முதலில் காட்டியது, இன்னொரு முகத்தை ஏன் காட்டவே இல்லை? உள்ளே ஏதோ பேரறிவு இருந்து நம் மனத்துக்கு இசைந்தவரைத் தேடித் தருகிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. உண்மையில் செயலி பொருத்தம் பார்ப்பதில்லை. நாம் கொடுத்ததை வைத்து வரிசை போடுகிறது. அதனால் நல்ல துணை அமைவது, நாம் யாரை முன்கூட்டியே ஒதுக்குகிறோம், யார் முதலில் பேசுகிறோம் என்ற இரண்டையும்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது.

கணினி வைத்து ஜோடி சேர்ப்பது புதிதல்ல. 1965-லேயே ஹார்வர்டு மாணவர்கள் சிலர் மூன்று டாலர் கட்டணத்தில் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, ஐபிஎம் கணினியில் ஜோடிகளைத் தேடிக் கொடுத்தார்கள். இன்றைய செயலிகள் மூன்று காரியங்களைச் செய்கின்றன. முதலில் வயது, தூரம் போன்று நாமே வைத்த ஃபில்டர்களைக் கொண்டு பெரும்பாலானோரைக் கழிக்கின்றன. பிறகு, நம்மைப் போலவே விருப்பம் காட்டிய மற்றவர்கள் வேறு யாரை விரும்பினார்கள் என்று பார்த்து அவர்களை நம் முன் நிறுத்துகின்றன. மூன்றாவதாக, ஒருவர் எவ்வளவு விரும்பப்படுகிறார் என்பதைக் கணக்கில் கொள்கின்றன. சதுரங்க வீரர்களுக்குத் தரும் ஈலோ மதிப்பெண் போன்ற ஒன்றை டிண்டர் முன்பு பயன்படுத்தியது. இப்போது அதை நம்பியிருக்கவில்லை என்று 2019-ல் அறிவித்தது. மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு: செயலிக்குத் தெரிவதெல்லாம் நம் விரல் செய்தது மட்டுமே. மாவு சலிக்கும் சல்லடைக்குப் பணியாரத்தின் ருசி தெரியாது. கண்ணின் அளவுதான் தெரியும்.

இதற்குச் சான்று இருக்கிறது. சமந்தா ஜோயல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகச் சந்திப்புக்கு வந்தவர்களிடம் குணம், விருப்பம் என நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களைச் சந்திப்புக்கு முன்பே வாங்கிக் கணினிக்குக் கொடுத்தார்கள். யார் பொதுவாக எல்லோரையும் விரும்புகிறவர், யார் பொதுவாக எல்லோராலும் விரும்பப்படுகிறவர் என்பதைக் கணினியால் ஓரளவு சொல்ல முடிந்தது. இன்னாருக்கு இன்னாரைத் தனியாகப் பிடிக்கும் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. ஓகேக்யூபிட் தளம் 2014-ல் வெளியிட்ட சோதனையும் இதற்குத் துணை நிற்கிறது. தளத்தின் கணக்கில் முப்பது சதவீதப் பொருத்தம் உள்ளவர்களிடம் தொண்ணூறு சதவீதம் என்று மாற்றிச் சொன்னார்கள். முதல் செய்தி ஓர் உரையாடலாக வளர்ந்த வாய்ப்பு பத்து சதவீதத்திலிருந்து பதினேழுக்கு உயர்ந்தது. உண்மையாகவே தொண்ணூறு உள்ளவர்களிடையே அது இருபது. பொருந்தும் என்று நம்பியவர்கள் கொஞ்சம் கூடுதலாக முயன்று பேசியிருக்க வேண்டும். பாதி வேலையை அந்த நம்பிக்கை செய்துவிட்டது.

இந்தத் துறையில் என்னை விடாமல் பிடித்திருக்கும் விந்தை ஒன்று உண்டு. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் சிறிய கட்டுரை ஒன்றை எழுதினார்கள். ஒரு பக்கத்தார் தங்கள் விருப்ப வரிசைப்படி ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். மறுபக்கத்தார் வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, இன்னும் மேலானவர் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். இப்படியே போனால், கிடைத்த துணையைவிட ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பி ஓடிப்போகக் காரணமுள்ள ஜோடி ஒன்றுகூட மிஞ்சாது, அதாவது ஏற்பாடு நிலையாக இருக்கும் என்று நிறுவினார்கள். ஷாப்லிக்கு 2012-ல் ஆல்வின் ராத்துடன் நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஐஐடி, என்ஐடி இடங்களை 2015 முதல் ஒதுக்கும் கூட்டு முறை இந்த வழியில் வந்ததுதான். ஹிஞ்ச் செயலி தினமும் ஒருவரைப் பரிந்துரைக்க 2018 முதல் இதையே கையாண்டது.

விந்தை இனிமேல்தான். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலனுக்கு முதலில் கயல், பிறகு மலர். குமரனுக்கு முதலில் மலர், பிறகு கயல். கயலின் முதல் விருப்பம் குமரன்; மலரின் முதல் விருப்பம் வேலன். ஆண்கள் கேட்டால் வேலன் கயலைக் கேட்பான், குமரன் மலரைக் கேட்பான். மறுக்கக் காரணமில்லாததால் இருவரும் ஏற்பார்கள். ஆண்கள் இருவருக்கும் முதல் விருப்பம் கிடைத்தது, பெண்கள் இருவருக்கும் இரண்டாவது. பெண்கள் கேட்டால் அப்படியே தலைகீழ். இரண்டு ஏற்பாடும் நிலையானவைதான். ஆனால் கேட்ட பக்கத்துக்கே எப்போதும் ஆதாயம். எத்தனை பேர் இருந்தாலும் இது மாறாது: நிலையான ஏற்பாடுகளுக்குள், கேட்பவருக்குக் கிடைக்கக்கூடியதில் மிக நல்லதும், காத்திருப்பவருக்குக் கிடைக்கக்கூடியதில் மிகத் தாழ்ந்ததும் வாய்க்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யார் முதலில் வாய் திறந்தார் என்பது மட்டுமே வேறுபாடு.

உண்மையான செயலியில் எல்லோரும் இப்படி வரிசைக்கிரமமாகக் கேட்பதில்லையே என்று மறுக்கலாம். சரிதான். ஆனாலும் அடிப்படை அப்படியே நிற்கிறது: கேட்பவர் தன் பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்குகிறார், காத்திருப்பவர் தன்னிடம் வந்தவர்களுக்குள் மட்டுமே தேர்கிறார். பெண் முதலில் எழுதுவது நம் ஊருக்குப் பொருந்துமா என்பது அடுத்த மறுப்பு. பெண் பார்க்கும் சடங்கில் காபித் தட்டோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு, வந்தவரை ஏற்பது அல்லது மறுப்பது தவிர வேறு வழி இல்லை. அந்த ஏற்பாடு யாருக்குச் சாதகம் என்பதைக் கணிதமே சொல்லிவிட்டது. முதலில் எழுதுவதால் ஒருத்தியின் மதிப்பு குறைவதில்லை. பெண்ணே முதல் செய்தி அனுப்ப வேண்டும் என்ற விதியோடு 2014-ல் பம்பிள் செயலி வந்ததற்குக் காரணம், வந்து குவியும் தொல்லைச் செய்திகளிலிருந்து பெண்களைக் காப்பதும்தான். தன் வாழ்க்கைத் துணையைக் கேட்கும் உரிமையை நம் பெண்கள் தயக்கமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

மற்றது, யாரை ஒதுக்குகிறோம் என்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, உலகெங்கும் உள்ள தமிழர்களை ஒரே திரைக்குக் கொண்டுவந்தது. தரகர் கைப்பையில் இருபது ஜாதகம் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரும் பாய்ச்சல். ஆனால் அந்தப் பரப்பையெல்லாம் திருமணத் தளங்களில் சாதி ஃபில்டர் ஒரே தட்டில் சுருக்கிவிடுகிறது. அது விருப்பம்தானே, அதில் என்ன தவறு என்பார்கள். விருப்பம் என்றால் ஆளைப் பார்த்த பிறகு வர வேண்டும்; பார்ப்பதற்கு முன்பே ஆளை அகற்றுவது தடை. அந்தத் தடையின் கடைசி எல்லை எது என்று கடலூர் மாவட்டத்துக்குத் தெரியும். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் 2003-ல் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. 2025-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஃபில்டரைத் தட்டுபவர் எல்லோரும் கொலைக்குத் துணை போகிறவர் அல்லர். ஆனால் அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்த எண்ணத்துக்குக் கணினியில் ஒரு பொத்தான் கொடுக்கிறோம் என்பதை உணர்ந்துதான் அதைத் தொட வேண்டும்.

சிதம்பரம் போன்ற ஊரில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். தேரோடும் நான்கு வீதிக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தூரத்தைப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் பட்டியல் விரைவில் தீர்ந்துவிடும். கடலூர், புதுச்சேரி, மயிலாடுதுறை வரை விரித்து வையுங்கள். செயலி காட்டும் தூரத்தைக் கொண்டே, மூன்று இடங்களிலிருந்து அளந்து ஒருவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 2014-ல் டிண்டரை வைத்துப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. என்றாலும் தூரத்தைக் காட்டாமல் மறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். விடுதியும் தெருவும் தெரியும் படத்தைப் போடாதீர்கள். பணம் கேட்பவரோடு பேச்சை அன்றே நிறுத்துங்கள். ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வாரக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்காமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், நண்பர் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, சீக்கிரம் நேரில் சந்தியுங்கள். கணினியால் கணிக்க முடியாத அந்த ஒன்று அங்கேதான் தெரியவரும்.

அப்படியானால் பத்துப் பொருத்தம் பார்த்துப் பெற்றோர் முடிப்பதே மேல் அல்லவா என்று கேட்கலாம். ஜாதகக் கட்டமும் செயலியின் சதவீதமும் இந்த இடத்தில் ஒன்றுதான். சந்திக்காத இருவரைப் பற்றி இரண்டும் தீர்ப்புச் சொல்கின்றன. அறிமுகம் செய்துவைப்பதற்கு இரண்டையும் பயன்படுத்தலாம். பெற்றோரின் அனுபவத்தையும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முடிவை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. ஒதுக்கும் பட்டியலைச் சுருக்கி, பிடித்தவரிடம் மரியாதையாக முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள். மறுத்தால் கண்ணியமாக விலகி அடுத்தவரிடம் கேளுங்கள். மறுக்கப்பட்டவர் சினமின்றி அடுத்த பெயருக்குப் போவதில்தான் கேலும் ஷாப்லியும் வகுத்த முறை இயங்குகிறது.