கணிப்பொறி உலகின் விலாசப் புத்தகம்

வகுப்பில் ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமானால் அவளுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். வருகைப் பதிவேட்டில் அவளுக்குரிய எண்ணைச் சொல்லி எந்தத் தோழியும் கூப்பிடுவதில்லை. கணிப்பொறிகளின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. இணையத்தில் உள்ள கணிப்பொறிகள் 192.0.2.10 என்பது போன்ற எண்களைக் கொண்டே ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. (விளக்கம் எழுதுவோர்க்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது, எவருடைய விலாசமும் அன்று.) மனிதர் நினைவில் பெயர் தங்கும், எண் தங்காது. ஆகவே நாம் தட்டும் பெயரை வாங்கிக்கொண்டு அதற்குரிய எண்ணைச் சொல்ல ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த வேலையைச் செய்யும் கணிப்பொறியையே டொமைன் நேம் சர்வர் என்கிறார்கள். தமிழில் பெயர் வழங்கி எனலாம்.

தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தது ஒரே ஒரு பட்டியல்தான். அமெரிக்காவின் ஆர்பாநெட் என்னும் வலையமைப்பில் இருந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில் இருந்த ஆய்வு நிறுவனம் ஒன்றில் அக்கோப்பைக் காத்துவந்த குழுவின் தலைவி எலிசபெத் ஃபைன்லர் அம்மையார் ஆவார். அவர் படித்தது வேதியியல் என்பதை நம் மாணவியர் கவனிக்க வேண்டும். செய்திகளை ஒழுங்காகத் தொகுத்து வைக்கும் கலையில் கைதேர்ந்தவராதலால் 1972-இல் இப்பணிக்கு அழைக்கப்பட்டார். 1989 வரை அதை நடத்தினார். புதிய கணிப்பொறியை இணைப்பவர்கள் அவருடைய அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள். அங்குள்ளோர் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லாக் கணிப்பொறிகளும் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளும்.

1981 ஆகஸ்டில் 213 ஆக இருந்த கணிப்பொறிகள் 1983 ஆகஸ்டில் 562 ஆகிவிட்டன. ஒரே அலுவலகம் எவ்வளவைத்தான் தாங்கும்? 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் புதிய முறை ஒன்றை வகுத்து வெளியிட்டார். ஒரே பட்டியலை எல்லாரும் வைத்திருப்பதற்குப் பதிலாக, அவரவர் பெயர்களை அவரவரே காத்துக்கொள்வது என்பதே அதன் சாரம். மறு ஆண்டே பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் நால்வர் இம்முறைக்கேற்ற 'பைண்ட்' என்னும் மென்பொருளை எழுதினார்கள். பலமுறை புதுக்கப்பெற்று, இன்றும் அது உலகெங்கும் வழங்குகிறது.

இதன் நடையைப் பாருங்கள். 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ. எக்ஸாம்பிள். காம்' என்ற பெயரை நாம் தட்டியதும், நமக்காக விசாரிக்கும் கணிப்பொறி முதலில் வேர் வழங்கியிடம் போகும். வேர் வழங்கிக்கு விடை தெரியாது. ஆனால் 'காம்' குடும்பத்தை விசாரிக்க வேண்டிய இடம் தெரியும். 'காம்' வழங்கி, எக்ஸாம்பிளின் வழங்கியைக் காட்டும். அதுதான் உண்மையான எண்ணைச் சொல்லும். பெயரை வலமிருந்து இடமாகப் படிப்பதால் இப்படி நடக்கிறது. கடைசிச் சொல் தமிழாகவும் இருக்கலாம்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே இவ்வரிசையில் இடம்பெற்றுள்ளன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, ஒரு பெயர் வழங்கியை அமைக்கும் விதத்தைக் காண்போம். படங்களைச் சுட்டி வேலை வாங்கும் வசதி இதற்குத் தேவையில்லை. கருந்திரையில் கட்டளைகளைத் தட்டினால் போதும். பைண்டை நிறுவியபின் எழுத வேண்டியவை முக்கியமாக இரண்டு கோப்புகள். முதலாவது, எந்தப் பெயருக்கு நாம் பொறுப்பு என்பதைச் சொல்லும். மற்றொன்று மண்டலக் கோப்பு, உயிர்நாடி அதுவே. வரிக்கு ஒன்றாக அதில் பதிவுகள் வரும். பெயருக்கு எண்ணைத் தருவது 'ஏ' பதிவு. கடிதங்கள் போய்ச்சேர வேண்டிய கணிப்பொறியைக் காட்டுவது 'எம்எக்ஸ்' பதிவு. இம்மண்டலத்தின் வழங்கிகள் எவை என்பதை 'என்எஸ்' பதிவு கூறும். விடையை மற்றவர்கள் எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அங்கேயே குறிக்கப்படும். 86400 என்றால் ஒரு முழு நாள்.

இக்கோப்பில் ஒரு புள்ளிக்கு இருக்கும் மதிப்பு வேறெங்கும் இல்லை எனலாம். முழுப் பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைத்தே தீரவேண்டும். வைக்காவிட்டால், பெயர் இன்னும் முடியவில்லை என்று எண்ணி, வழங்கி மண்டலத்தின் பெயரையும் அதன் வாலில் ஒட்டிவிடும். 'எக்ஸாம்பிள். காம்' என்பது 'எக்ஸாம்பிள். காம். எக்ஸாம்பிள். காம்' ஆகிவிடும். அப்படி ஒரு கணிப்பொறி உலகில் கிடையாது. 2009 அக்டோபர் 12 இரவு ஸ்வீடன் நாட்டின் 'எஸ்இ' மண்டலத்துக்கு நேர்ந்தது இதுவே. கோப்பைத் தயாரிக்கும் நிரல் ஒன்று கடைசிப் புள்ளிகளைப் போடாமல் விட்டுவிட்டது. சுமார் 9 இலட்சம் பெயர்கள் கண்ணுக்கு மறைந்தன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கோப்பைத் திருத்திவிட்டார்கள். ஆயினும் தவறான விடையை முன்பே வாங்கி நினைவில் வைத்திருந்த கணிப்பொறிகள் அதையே மேலும் சில மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தன!

புள்ளிக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது வரிசை எண். ஒரு வழங்கி பழுதானாலும் வேலை நிற்காதிருக்கும் பொருட்டு இரண்டாவது வழங்கி ஒன்றும் வைப்பது வழக்கம். முதலாவதன் வரிசை எண் கூடியிருந்தால்தான் இரண்டாவது புதிய கோப்பைப் படியெடுக்கும். கோப்பை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் சிலருக்குப் புதிய விலாசமும் சிலருக்குப் பழைய விலாசமும் கிடைக்கும். காரணம் புரியாமல் எல்லாரும் திண்டாட வேண்டியதுதான். அதனால் தேதியையே எண்ணாக எழுதுகிறார்கள். 2024 ஜூன் 15-இல் செய்த முதல் மாற்றத்துக்கு 2024061501 என்பது எண். அன்றே இன்னொரு மாற்றம் செய்தால் கடைசி இலக்கம் 2 ஆகும். தைத்த துணியில் தேதி குறிக்கும் தையற்காரரைப் போன்ற பழக்கம் இது.

எழுதி முடித்ததும் உடனே வழங்கியை இயக்கிவிடலாகாது. 'நேம்டு செக்ஸோன்' என்ற கட்டளை மண்டலக் கோப்பைப் படித்துப் பார்த்து, பெரும்பாலான பிழைகளை வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். அது 'ஓகே' என்று சொன்னபின் 'ஆர்என்டிசி ரீலோட்' என்று தட்டினால், வழங்கி நிற்காமலேயே புதிய கோப்பை ஏற்றுக்கொள்ளும். (இவற்றையெல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.) பிறகு 'டிக்' என்ற கட்டளையோடு பெயரையும் தந்து, இரண்டு வழங்கிகளிடமும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாமல், விடையின் மேற்பகுதியில் 'ஏஏ' என்னும் இரண்டு எழுத்துகள் உள்ளனவா என்றும் பாருங்கள். அவை இருந்தால், எங்கோ கேட்டு நினைவில் வைத்திருந்து சொல்லும் விடையன்று அது. அப்பெயருக்குப் பொறுப்பான வழங்கி தன் கோப்பைப் பார்த்துச் சொன்ன விடை.