சிறையில் இருந்த இரு தளபதிகள்

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள பழைய ஊர். அதற்கு மேற்கே, திருச்செங்கோட்டை அடுத்துக் குமாரமங்கலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய டாக்டர் சுப்பராயன் அவ்வூர் ஜமீன்தார் ஆவார். அவருடைய மைந்தர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் பீரங்கிப் படையில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் வட ஆப்பிரிக்கா சென்றார். 1942ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் அருகே இத்தாலிய டாங்கிகள் இந்தியப் படையைத் தாக்கின. குமாரமங்கலம் கடும் போர் புரிந்து சிறைப்பட்டார். அவருடைய வீரத்தைப் பாராட்டி டி.எஸ்.ஓ. என்னும் விருது பின்னர் வழங்கப்பட்டது.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் அவெர்சா என்னுமிடத்தில் இந்திய அதிகாரிகளுக்கான சிறை முகாம் இருந்தது. அங்கிருந்தோருள் மூத்த அதிகாரி குமாரமங்கலம். அவருக்குத் துணையாக முகாம் அலுவல்களைக் கவனித்தவர் யாகியா கான் என்னும் இளைஞர். அந்நாளில் இருவரும் ஒரே படையினர். பின்னர்த் தப்பியோடிய குமாரமங்கலம் மீண்டும் பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

1947இல் நாடு பிரிந்தது, படையும் பிரிந்தது. மேசை நாற்காலிகள் கூடப் பங்கிடப்பட்டன என்றால் மனிதரைக் கேட்பானேன்! 1965ஆம் ஆண்டுப் போரில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படையின் துணைத் தளபதி. யாகியா கான் எதிர்ப்பக்கத்தில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். 1966 ஜூன் மாதத்தில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கினார். செப்டம்பரில் யாகியா கான் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைவரானார்.

1969 ஜூன் மாதத்தில் குமாரமங்கலம் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே, அவெர்சாவில் அவருக்குத் துணை நின்ற அதிகாரி பாகிஸ்தானின் குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார்.