மொதல்ல 'பிறகு', பெறகு 'வெக்கை'

எண்பதுகளில் கோவில்பட்டியில் ஒருவருக்கு நாவல் சொல்வது என்றால் கையில் எடுத்துக் கொடுப்பது என்றுதான் அர்த்தம். பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த ஆள் எங்கே போய்த் தேடுவார்? மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் பதிப்பகத்துக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, தபால்காரர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய நாவல்கள் அத்தனைக்கும் அச்சுப் பிசகிய தீப்பெட்டி லேபிள் தாளில்தான் அட்டை. வெளியே வரிசை வரிசையாகச் சாயம் வழிந்த மயில்கள், உள்ளே பூமணி. பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் மூன்று பத்தி: வாங்கியவர், போன தேதி, வந்த தேதி.

கேட்டதும் கொடுத்துவிட மாட்டார். மூன்று கேள்வி உண்டு. எந்த ஊர்ப் பக்கம்? கடைசியாக எதை வாசித்தாய்? ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பாய்? மூன்றாவது கேள்வியைக் கிண்டல் என்று நினைத்திருந்தேன். அதை வைத்துத்தான் அவர் பக்கக் கணக்குப் போடுகிறார் என்று பின்னால் புரிந்தது.

1982இல் வந்த பூமணியின் 'வெக்கை'யைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஊர் என்றால் டீக்கடையில் கூடும் பதினைந்து பேர். எனக்கும் அதுதான் வேண்டும் என்று நின்றேன். "மொதல்ல 'பிறகு', பெறகு 'வெக்கை'" என்றார். 1979இல் வந்த 'பிறகு'வை முடித்துக்கொண்டு போய், அழகிரி பகடையைப் பற்றி அவரிடம் பத்து நிமிஷம் பேசிய பிறகுதான் அடுத்தது கைக்கு வந்தது. அதன் பின்னட்டையில் என் பெயர் ஒன்பதாவது.

இப்போது நானும் ஒரு வாட்ஸ்அப் வாசகர் குழுவில் இருக்கிறேன். "ஒரு நல்ல நாவல் சொல்லுங்க" என்று யாராவது போட்டால், டீ ஆறுவதற்குள் முப்பது பெயர் வந்து விழுகிறது. 'காவல் கோட்டம்', 'அஞ்ஞாடி', 'ஆழிசூழ் உலகு' எல்லாம் ஒரே மூச்சில், கூடவே கைகூப்பும் பொம்மை. ஒவ்வொன்றும் செங்கல் கனம். கேட்டவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கதையே வாசிக்காதவராக இருக்கலாம், யாரும் விசாரிப்பதில்லை. ஒருநாள் நான், "கடைசியா என்ன வாசிச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். நேர்முகத் தேர்வா நடத்துறீங்க என்று பதில் வந்தது.

2019இல் 'வெக்கை'யைத் தழுவி 'அசுரன்' படம் வந்த பிறகு, நாவலைக் கேட்டு எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. நல்லதுதான். ஆனால் படத்தின் சூட்டோடு வாங்கியவர்களில் சிலர், "தனுஷைக் காணோமே" என்று குறைபட்டார்கள். படம் அப்பனின் கதை. நாவல், கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு ஏமாற்றம் இருந்திருக்காது. அண்ணாச்சி சொல்லியிருப்பார்.

ஆனாலும் அவருடைய பின்னட்டைப் பட்டியலை இப்போது நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. எங்கள் அக்கா என்னைவிட வேகமாக வாசிப்பாள். நான் கொண்டுவருவதையெல்லாம் நான் தூங்கிய பிறகு எடுத்து, விடிவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். அவளுக்கு எது பிடிக்கும் என்று டீக்கடையில் யார் கேட்டார்கள்? நானே கேட்டதில்லை.

இன்றைக்கு அந்தக் குழுவில் எனக்கு நம்பிக்கையான ஆள் அக்காதான். அறுபத்தெட்டு வயது, திருப்பூரில் மகன் வீடு, கையில் போன். முப்பது பெயரோடு முப்பத்தொன்றாவதாக அவள் எதையும் போடுவதில்லை. கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறாள். விவசாயத்தை விட்டுவிட்டு வந்த ஒரு பையனுக்கு சோ. தர்மனின் 'சூல்' சொன்னாள். எங்கள் ஊருக்குப் பக்கத்து உருளைக்குடிக் கண்மாயின் கதை, 2019இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. விருதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. "உங்க ஊர்க் கண்மாய்ல இப்ப தண்ணி கெடக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பையன் இரண்டு நாளில் புத்தகத்தை வரவழைத்துவிட்டான்.

போன வாரம் எனக்கும் ஒரு நாவல் கூரியரில் வந்தது. கூடவே குரல் செய்தி: "தம்பி, மொத அறுபது பக்கம் இழுக்கும். பொறுத்துக்கோ."

எண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.